2,563 சீட்... தீபாவளிக்கு 'பராசக்தி'! மதுரை தங்கம் தியேட்டரின் கதை

ஓடைப்பட்டி:

தேனி தனி மாவட்டம் ஆகும் முன்பு நம்ம கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு எல்லாமே மதுரைதான். கலெக்டர் ஆபீசா, பெரிய ஆஸ்பத்திரியா, கல்யாண ஜவுளியா... பஸ் ஏறி உசிலம்பட்டி வழியாக மதுரைக்குத்தான் போகணும். போன வேலை முடிஞ்சதும் ஒரு படம் பார்த்துட்டுத்தான் திரும்புவாங்க. அப்படி அந்தக் காலத்துப் பெருசுகள் வாயில் இன்றைக்கும் அடிபடும் பெயர், தங்கம் தியேட்டர்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்தது இந்தத் தியேட்டர். 52 ஆயிரம் சதுர அடி. சீட் மட்டும் 2,563. 'ஆசியாவிலேயே பெரிய தியேட்டர்' என்று பேர் வாங்கியது.

முதல் படம்

1952-ம் ஆண்டு அக்டோபர் 17, தீபாவளி. அன்றைக்கு வெளியான 'பராசக்தி'தான் இங்கே ஓடிய முதல் படம். கருணாநிதி வசனம், கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷன். சிவாஜி கணேசன் கதாநாயகனாக அறிமுகமான படம். கதையின் முக்கியப் பகுதி மதுரையில் நடப்பதால், உள்ளூர்க்காரர்களுக்கு அது சொந்த ஊர்ப் படம் மாதிரி.

மணல் தரையும் மாடியும்

அப்போது நம்ம பக்கத்து கிராமங்களில் டூரிங் டாக்கீஸ்தான். கீற்றுக் கொட்டகை, மணல் தரை. பெரும்பாலும் ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்ற மூன்று, நான்கு இடைவேளை விடுவார்கள். பெரிய தியேட்டர்களில் இரண்டு மிஷின் இருக்கும். ஒன்றில் ரீல் முடியும்போது ஆபரேட்டர் அடுத்ததை ஓடவிடுவார். படம் அறுபடாது. மணலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு தங்கம் ஒரு அரண்மனை!

பெருமையே பாரம்

தினம் நாலு காட்சி ஹவுஸ்புல் ஆனால் 10,252 பேர். ஒரு பேரூராட்சியே வந்து போன மாதிரி! ஆனால் கூட்டம் குறைந்தால் இதே அளவுதான் வில்லன். கால்வாசி சீட் நிரம்பினாலே சுமார் 640 பேர். சின்ன தியேட்டரில் அது ஹவுஸ்புல். இங்கே காலியாகத்தான் தெரியும். கரண்ட், கூட்டிப் பெருக்க ஆள், ரிப்பேர் என்று செலவு மட்டும் குறையாது.

1980-களில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. 1993-ல் சன் டி.வி. ஆரம்பித்தது. கேபிள் இணைப்பு கிராமம் வரை போச்சு. அந்த 1990-களிலேயே தங்கத்தில் படம் ஓடுவது நின்றது. பல வருஷம் பூட்டிக் கிடந்து, கடைசியில் இடித்தே விட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பெரிய ஜவுளிக்கடை.

இன்றைய மல்டிபிளக்ஸ்களில் ஒரு ஸ்கிரீனுக்கு 200, 300 சீட்தான். தங்கம் மாதிரி இனி ஒருத்தரும் கட்டப் போவதில்லை.

நம்ம ஊர்ப் பக்கமும் பழைய கொட்டகைகள் குடோனாக, மண்டபமாக மாறி வருகின்றன. உங்க ஊரில் ஒன்று மிச்சம் இருந்தால், இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேறு எதுவும் இருக்காது.