தூதர் வீழ்ந்தார், தூது வீழவில்லை!

மூன்று மதங்கள் "புனித பூமி" என்று போற்றும் மண் பாலஸ்தீனம். தொழுகைக் குரலும், தேவாலய மணியோசையும், வேதம் ஓதும் ஒலியும் கலந்து கேட்கும் நகரம் ஜெருசலேம். ஆயினும், 1948இல் அங்கே முழங்கிய துப்பாக்கிகளை எந்த மந்திரம் தடுத்தது? பிள்ளையைச் சுமந்தோடிய தாய்க்கு எந்த வானவர் வழிகாட்டினார்? தடுக்க முனைந்தோர் மனிதரே! அம்முயற்சியில் ஒருவர் உயிரைக் கொடுத்தார். மற்றொருவர் உறக்கத்தைக் கொடுத்தார்.

பாலஸ்தீனம் அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. அதனை யூதருக்கும் அராபியருக்குமாகப் பிரித்திட, 1947 நவம்பர் 29இல் ஐக்கிய நாடுகள் மன்றம் பரிந்துரைத்தது. நாஜிகளின் கொலைக்களங்களுக்குத் தப்பிய யூதர், நாடு கிடைத்தது என்று மகிழ்ந்தனர். வழிவழியாய் உழுத நிலம் பறிபோகிறதே என்று அராபியர் கொதித்தனர். பூசல் மூண்டது. 1948 மே 14இல் இஸ்ரேல் பிரகடனமாயிற்று. மறுநாளே அண்டை அராபிய நாடுகளின் படைகள் புகுந்தன. அந்தப் போர்க்காலத்தில், ஏறத்தாழ 7 இலட்சம் அராபியர் ஊரும் உடைமையும் இழந்து அகதிகளாயினர்.

சமரசம் செய்ய மன்றம் அனுப்பிய தூதர், சுவீடன் நாட்டுப் பிரபு ஃபோக் பெர்னடாட். 1945இல் நாஜிச் சிறைக்கூடங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வெள்ளைப் பேருந்துகளில் மீட்டவர். ஜூன் 11இல் நான்கு வாரப் போர் நிறுத்தத்தை உண்டாக்கினார். வீடிழந்தோர் வீடு திரும்பும் உரிமை வேண்டும் என்று அறிக்கை தீட்டினார். செப்டம்பர் 17இல், ஜெருசலேம் தெருவில், லேஹி என்ற யூதத் தீவிரவாதக் குழுவினர் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

தூதர் வீழ்ந்தார், தூது வீழவில்லை! அவர் விட்ட பணியை ஏற்றவர், அமெரிக்கக் கறுப்பினத்தவரான ரால்ஃப் பஞ்ச். முடி திருத்தும் தொழிலாளியின் மகன். பெற்றோரை இழந்து பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

1949 ஜனவரி 13இல் ரோட்ஸ் தீவில் பேச்சு தொடங்கிற்று. எகிப்தியரையும் இஸ்ரேலியரையும் முதலில் தனித்தனியே கண்டார். சிறு செய்திகளில் இணக்கம் கண்டு, பெரிய சிக்கலுக்குப் படி அமைத்தார். இரவும் பகலும் 42 நாள் உழைப்பு! பிப்ரவரி 24இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மார்ச்சில் லெபனான், ஏப்ரலில் ஜோர்டான், ஜூலையில் சிரியா என அடுத்தடுத்து இணங்கின.

1950இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அப்பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. அத்தகையவர், அதற்கு முன்னாண்டு தம் நாட்டரசு அளிக்க முன்வந்த உயர் பதவியை மறுத்தார். ஏன்? தலைநகர் வாஷிங்டனில் நிலவிய நிறவெறிக் கொடுமையில் குடும்பத்துடன் வாழ அவர் விரும்பவில்லை. போரிடும் நாடுகளைச் சமமாய் அமர்த்திய மனிதருக்குப் பிறந்த நாட்டில் சம இடம் இல்லை! பிறப்பைக் கொண்டு பெருமை பேசுவோர் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்கள் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

துப்பாக்கி ஓய்ந்தது, பசி ஓயவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தாரும் குவேக்கர் தொண்டர்களும் கூடாரங்களில் உணவு வழங்கினர். 1949 டிசம்பர் 8இல் ஐக்கிய நாடுகள் மன்றம் அகதிகளுக்கெனத் தனி நிறுவனம் அமைத்தது. 1950 மே முதல் நாள் அது பணியைத் தொடங்கிற்று. ரொட்டியும் மருந்தும் மட்டுமல்ல; பள்ளியும் தந்தது. தற்காலிக ஏற்பாடு என்றே அதற்குப் பெயர். ஆனால், இன்று அதில் பதிவு பெற்ற அகதிகள் 50 இலட்சத்துக்கும் மேல்!

காரணம் வெளிப்படை. விரும்பும் அகதிகள் திரும்ப அனுமதிக்கப்படவேண்டும் என்று 1948 டிசம்பர் 11இல் மன்றம் தீர்மானித்தது. அது ஏட்டில் நின்றது. போர் நிறுத்தக் கோடு வரைந்தார்கள். நீதியின் கோடு வரையப்படவில்லை. 1967இல் மீண்டும் போர். 2023இல் மூண்ட போரில் காசாவின் குழந்தைகள் மீண்டும் கூடாரங்களுக்குள் தள்ளப்பட்டனர்.

எனவே, தூது வீண் என்பதா? அல்ல! 42 நாள் பொறுமை துப்பாக்கியை அடக்கியது. அடக்கிய இடத்தில் நீதியை நட மறந்தது உலகின் குற்றம், தூதின் குற்றமன்று. பகை வானத்திலிருந்து விழுந்ததன்று, மனிதர் மூட்டியது. அதை அணைப்பதும் மனிதர் கடனே!