விடுமுறையில் பிள்ளையின் வாசிப்பு: தோட்ட வரலாறு தரும் பாடம்



ஆண்டிறுதி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டந்தான். அது அடைமழைக் காலம். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. பெற்றோரும் சில நாட்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனால், பள்ளி மீண்டும் திறக்கும்போது ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு கவலை காத்திருக்கும். விடுமுறைக்கு முன் தட்டுத் தடுமாறியாவது ஒரு பத்தியை வாசித்த பிள்ளை, திரும்பி வந்ததும் முதல் வரியிலேயே நின்றுவிடும். நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு விடுமுறை ஓய்வைத் தருகிறது. பின்தங்கிய பிள்ளையையோ அது இன்னும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

"வீட்டில் கொஞ்சம் உதவுங்கள்" என்று நாங்கள் சொன்னால், "நாங்களே அதிகம் படிக்காதவர்கள், எங்களால் என்ன முடியும்?" என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு விடை நம் தோட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. அதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

1816-ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பையே நம் நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஆனால் அது நகரத்துச் செய்தி. காடழித்துக் கித்தா மரம் நட வந்த நம் முன்னோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வெகுகாலம் எட்டாத பொருளாகவே இருந்தது. 1912-ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் ஒரு வழி செய்தது. ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், அங்கே பள்ளி வைக்கும் பொறுப்பு நிர்வாகத்தைச் சேரும் என்றது. 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே வலியுறுத்தியது.

சட்டம் வந்ததே தவிர, பள்ளி எப்படி இருக்க வேண்டும், யார் கற்பிக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு இல்லை. ஆயாக் கொட்டகையின் ஒரு மூலை, ஆளில்லாத லயத்து அறை, கோயில் மண்டபம் ஆகியவை பள்ளிகளாயின. கங்காணியோ, கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ வாத்தியாரானார். எல்லா வகுப்புகளுக்கும் அவர் ஒருவரே. விடியற்காலையில் பெற்றோருடன் காட்டுக்குப் போய் மங்கு துடைத்துவிட்டு, பிற்பகலில் பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் உண்டு. களைப்பில் தூங்கி விழுந்த பிள்ளைக்கு 'மக்கு' என்று பட்டம் கிடைத்தது. வாசிக்க வராத பிள்ளைக்குப் புல்வெட்டும் ஒட்டுப்பால் பொறுக்கும் வேலையும் தயாராகக் காத்திருந்தன. "படிப்பு ஏறவில்லை" என்ற ஒரு பேச்சோடு எத்தனை பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கை முடிந்துபோனது!

இருந்தும் அந்த லயங்களில் வாசிப்பு மடிந்துவிடவில்லை. ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தால் ஒருவர் படிப்பார். பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் பெரிய எழுத்துப் புத்தகங்களிலிருந்து உரக்கப் படிக்கப்பட்டன. 1924-இல் தமிழ் நேசனும் 1935-இல் தமிழ் முரசும் தோன்றிய பிறகு, ஒரே பத்திரிகை பல கை மாறிப் பல காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. படித்தவர் பெரும் புலவர் அல்லர். அவரும் திக்கித் திணறியே படித்தார். கேட்டவர்களுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கதை தெரியும். நடுவில் ஒரு வரி விடுபட்டால், "அங்கே ஏதோ விட்டுப்போச்சே, திரும்பப் படிப்பா" என்று சொல்வார்களாம். படித்தவர் திரும்பப் படிப்பார், அப்படியே தேறினார். பெரியவர்கள் சொல்ல நாம் கேட்ட செய்தி இது. எழுத்தறியாதவர்கள் ஒரு வாசகரை உருவாக்கினார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பிள்ளைகளின் படிப்பு நெடுநாள் அறுந்துபோன காலங்களும் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபின், 1945-இல் போர் முடியும் வரை பல தோட்டங்களில் பள்ளிப் படிப்பு சீர்குலைந்தது. தந்தையரும் அண்ணன்மாரும் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. பசியில் வாடிய வீட்டில் ஏட்டைத் தொடுவது யார்? பின்னர் நாடு 1957-இல் விடுதலை பெற்றது. தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. இரண்டு தலைமுறைக்குப் பின், 2020 மார்ச்சு மாதம் கொரோனா நோயால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசிக்கு மாறியது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி இருந்த வீட்டிலும், அலைவரிசை எட்டாத தோட்டத்திலும் படிப்பு நின்றது. பள்ளி திறந்தபோது, எழுத்துக்கூட்டவும் தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நாங்கள் கண்ணால் கண்டோம். அவர்களைப் 'படிப்பு ஏறாதவர்கள்' என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு!

தமிழில் எழுத்துகள் 247 என்கிறோம். ஆனால் பிள்ளை தடுமாறும் இடங்கள் சிலவே. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ல, ள, ழ மூன்றும் பேச்சில் கலந்துவிடுகின்றன. தாத்தாவின் பழைய புத்தகத்தைக் கொடுத்தால் இன்னொரு சிக்கல். 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் பின்னர் நம் பாடநூல்களுக்கும் வந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் 'லை', 'னை' போன்றவை யானைத் துதிக்கைபோல் வளைந்திருக்கும். அங்கே பிள்ளை நின்றால் அது பிள்ளையின் குற்றமன்று.

சரி, விடுமுறையில் என்ன செய்யலாம்? பிள்ளை படிக்கும் வகுப்புக்கு ஒரு வகுப்புக் கீழான புத்தகத்தை எடுங்கள். நாள்தோறும் 15 நிமிடம் போதும். நாற்பது நாளில் அது 10 மணி நேரமாகிவிடும். ஒரே பத்தியை மூன்று முறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். முதல் முறை தடுமாறும். மூன்றாம் முறை ஓடும். அந்த மாற்றத்தைப் பிள்ளையே உணர வேண்டும். தடுமாறும்போது அடிக்க வேண்டாம். மற்றப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். வாசித்து முடித்ததும், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். கதையைச் சொல்லத் தெரிந்தால் பொருள் விளங்கிவிட்டது. கோயில் திருவிழா அறிவிப்பு, திருமண அழைப்பிதழ், கடைப் பலகை ஆகியவையும் வாசிப்புப் பாடங்களே. தம்பி தங்கைக்குப் படித்துக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. பிள்ளை புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனால், கிளினிக்கில் கண்ணைச் சோதித்துவிடுங்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். அவனைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டு, நாங்கள் மற்றப் பிள்ளைகளோடு பாடத்தை நடத்திக்கொண்டு போனோம். அந்தக் குற்றம் எங்களுடையது. விடுமுறைக்கு முன் அவன் தாயாரை அழைத்துப் பேசினோம். "எனக்கே படிக்கத் தெரியாதே, சார்" என்றார் அவர். "நீங்கள் படிக்க வேண்டாம், அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்" என்றோம். நாள்தோறும் மாலையில், சோறு வேகும் நேரத்தில், அந்த அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். விளங்காத இடத்தில், "எனக்குப் புரியலையே, இன்னொரு தரம் படிப்பா" என்று சொல்லியிருக்கிறார். பள்ளி திறந்தபோது அவன் வகுப்பில் முதல் மாணவனாகிவிடவில்லை. ஆனால், "யார் வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மறுநாளே அவனை முன்வரிசைக்கு மாற்றினோம்.

அந்த அம்மா செய்தது புதிய முறையன்று. அன்று மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றியிருந்து நம் பாட்டிமார் செய்ததையே அவரும் செய்தார். நம் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் மறையலாம், கேட்கும் காது மறைய வேண்டியதில்லை. இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளை வாசிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.