கணக்குப் பெட்டி பாடத் தொடங்கிய கதை

குழந்தைக்கு மின்னணு வாத்தியம் ஒன்று வாங்கித் தர வேண்டும், முதன்முதலில் எதை வாங்கலாம் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம், விலையைப் பற்றியும் கட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் பேசுவதற்கு முன்னால் ஒரு பழங்கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவது என் வழக்கம். கேட்கிறவர்களில் பாதிப் பேர் பொறுமை இழந்து நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள் என்பதும் உண்மையே. இருந்தாலும், இந்தப் பெட்டிகள் யாருடைய கையில் பிறந்தன, எப்படிக் குழந்தைகளின் மடிக்கு வந்து சேர்ந்தன என்பதை அறிந்தவன், கடைக்காரர் அவற்றைப் புகழும்போது எதற்குத் தலையை ஆட்டலாம், எதற்கு ஆட்டக்கூடாது என்பதையும் அறிவான் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் பக்கத்தில் அந்த வாத்தியத்துக்குக் 'கீபோர்டு' என்ற பெயர் பின்னால்தான் வந்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் விடுமுறைக்கு வந்த சித்தப்பாமாரும் மாமாமாரும், வாசனைச் சோப்பு, டார்ச் விளக்கு, நைலான் சேலை ஆகியவற்றின் நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்த அந்தப் பெட்டி எந்தக் கம்பெனியின் சரக்காக இருந்தாலும், வீட்டிலும் தெருவிலும் அது 'கேசியோ'தான். 'பையன் கேசியோ கற்றுக்கொள்கிறான்' என்று சொன்னால் போதும், யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்கமாட்டார்கள்.

கேசியோவுக்கு முன்னால் குழந்தைகளுக்கு மின்னணு வாத்தியமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1967-இல் இங்கிலாந்தில் பிரையன் ஜார்விஸ் என்பவர் கண்டுபிடித்த ஸ்டைலோபோன், ஒரு கையில் அடங்கும் சிறு பெட்டி. அதில் அழுத்துவதற்குக் கட்டையே கிடையாது. உலோகத் தகட்டில் அச்சிட்டிருந்த சுரங்களை, கம்பியால் கட்டிய பேனா போன்ற ஒரு குச்சியால் தொட வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே சுரந்தான் ஒலிக்கும், அதுவும் தேனீயின் ரீங்காரம் போல் ஒலிக்கும். பெரியவர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கினார்கள். ஆனால் டேவிட் போவி என்ற இளைஞர் 1969-இல் வெளியிட்ட 'ஸ்பேஸ் ஆடிட்டி' என்ற பாட்டில் அதையே வாசித்தார். அதன் தயாரிப்பு 1975-இல் நின்றுபோயிற்று.

கேசியோவின் கதை இன்னும் விசித்திரமானது. ஏனென்றால் அதைத் தொடங்கியவர்கள் சங்கீதக்காரர்கள் அல்லர், கணக்குப் பெட்டி செய்தவர்கள். கடைசல் தொழிலில் தேர்ந்த தடாவோ காஷியோ 1946-இல் டோக்கியோவில் ஒரு சிறு பட்டறை வைத்தார். அவருடைய தம்பிகளான தோஷியோ, கசுவோ, யுகியோ மூவரும் ஒருவர் பின் ஒருவராக அதில் சேர்ந்துகொண்டார்கள். புதியவற்றை யோசித்துச் செய்யும் மூளை தோஷியோவினுடையது. 1957-இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சாரக் கணக்கு இயந்திரம் 341 ரிலேக்களைக் கொண்டது, 140 கிலோ எடையுள்ளது, ஒரு மேஜையையே அடைத்துக்கொள்வது. அந்த மேஜை படிப்படியாகச் சுருங்கி, 1972-இல் 12,800 யென்னுக்குக் கையடக்கமான கால்குலேட்டராக வந்து, சாமானிய ஜனங்களின் சட்டைப்பையில் புகுந்தது. பெரிய முதலாளிகளின் காரியாலயங்களில் மட்டும் இருந்த ஒரு வசதியைச் சின்னதாக்கி, மலிவாக்கி, எல்லோருக்கும் கொடுத்துவிட முடியும் என்று ஒரு முறை கண்டுகொண்ட அந்தச் சகோதரர்கள், சங்கீதத்தின் பக்கம் திரும்பியதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. 1980-இல் 'கேசியோடோன் 201' வந்தது. அதற்கு மறு வருஷம், நான் சொல்லவந்த விஷயத்துக்கு முக்கியமான இரண்டு பெட்டிகள் வந்தன.

அவற்றில் முதலாவதான விஎல்-1, பார்ப்பதற்குக் கொஞ்சம் நீண்டுபோன கால்குலேட்டர் போலவே இருந்தது. பார்ப்பதற்கு என்ன, அது கால்குலேட்டரேதான். ஒரு விசையைத் தள்ளினால் கூட்டும், கழிக்கும். இன்னொரு பக்கம் தள்ளினால் பாடும். கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்பது சிறு பொத்தான்கள். இதில் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒரு பாட்டின் சுரங்களை வரிசையாக, தாளத்தைப் பற்றிக் கவலைப்படாமல், நூறு சுரம் வரைக்கும் பெட்டிக்குள் இட்டு வைத்துவிடலாம். பிறகு ஒரே பொத்தானைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரமாக அந்தப் பாட்டு வெளியே வரும். சுரத்தைத் தேடும் சிரமத்தையும் காலத்தைக் காக்கும் சிரமத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்த இந்த உபாயத்தை, பாட்டு வாத்தியார் ஒருவர் யோசித்துச் செய்திருந்தால்கூட இதைவிட நன்றாகச் செய்திருக்கமுடியாது. இரண்டாவது விசேஷம், கணக்குப் பெட்டிக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. எட்டு இலக்கமுள்ள ஓர் எண்ணைக் கணக்குப் போடுகிற மாதிரி அடித்து ஞாபகத்தில் வைத்தால், அந்த எண்ணே ஒரு நாதமாகிவிடும்: முதல் இலக்கம் நாதத்தின் குணம், அடுத்தவை அது எழும் வேகம், தணியும் விதம், நிற்கும் அளவு, ஓயும் நேரம், நடுக்கம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தன்மை. ஒரே ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டு என்ன ஆயிற்று என்று காது கொடுத்துக் கேட்கிற குழந்தை, தடித்த புஸ்தகங்களில் எழுதியிருக்கிற நாத சாஸ்திரத்தைத் தன்னை அறியாமலே கற்றுக்கொள்கிறது.

இரண்டாவது பெட்டியான எம்டி-40 அவ்வளவு சாமர்த்தியசாலி அல்ல. சிறு கட்டைகள், இடது பக்கம் மந்தர சுரங்களுக்குச் சில பொத்தான்கள், தானாகவே ஓடும் ஆறு தாளங்கள், அவ்வளவுதான். அந்தத் தாளங்களை அமைக்கும் பொறுப்பு, குனிதாச்சி சங்கீதக் கல்லூரியில் படித்துவிட்டு 1980-இல் கம்பெனியில் சேர்ந்த ஹிரோகோ ஒகுடா என்ற இளம் பெண்ணிடம் வந்தது. மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தைக் கற்பிக்கும் அந்தக் கல்லூரியில், ஜமைக்கா நாட்டு ரெகே சங்கீதத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய பெண் அவர். பாப் மார்லி 1979-இல் ஜப்பானுக்கு வந்தபோது ஓடி ஓடிக் கேட்டவர். பெட்டியில் 'ராக்' என்று பெயர் எழுதி வைத்த தாளத்துக்குள், மனத்தில் ஊறியிருந்த ரெகேயின் சாயல் அவரை அறியாமலே கலந்துவிட்டது.

அந்தப் பெட்டிகளில் ஒன்று ஜமைக்காவுக்கே போய்ச் சேர்ந்தது. கிங்ஸ்டன் நகரத்தில் நோயல் டேவி என்பவரிடம் இருந்த எம்டி-40-இல் அந்த 'ராக்' தாளத்தைக் கேட்டு மயங்கிய வெய்ன் ஸ்மித் என்ற பாடகர், கிங் ஜாமி என்று பெயர் பெற்ற ஒலிப்பதிவாளரிடம் அதை எடுத்துச் சென்றார். ஜாமி தாளத்தின் வேகத்தைத் தணித்தார். பெட்டிக்குள் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்த அந்தத் தாளம், நடையை மாற்றியவுடனே, தன் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணைப் போல ரெகேயாக அடையாளம் தெரிந்தது. 1985-இல் வெளிவந்த 'அண்டர் மி ஸ்லெங் டெங்' என்ற அந்தப் பாட்டுக்குப் பிறகு, அதே தாளத்தின் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுக்கள் எழுந்தன. ஒரு தேசத்தின் சங்கீதமே வாத்திய கோஷ்டியை விட்டு மின்னணுப் பெட்டியின் பக்கம் சாய்ந்தது. டிரம்மும் பாஸ் கிட்டாரும் வாசித்துப் பிழைத்தவர்களின் ஜீவனம் ஆட்டம் கண்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் தாளம் குழந்தையைச் சோம்பேறியாக்கும் என்று சொல்லும் பெரியவர்களோடு ஒரு காலத்தில் நானும் சேர்ந்திருந்தேன். ஜாமியின் கதையைக் கேட்ட பிறகு பாதி விலகிவிட்டேன். தாளம் தானாக ஓடுவதில் தோஷமில்லை. அதன் வேகத்தை நம் கை மாற்றுவதற்கு இடம் வைத்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

எண்பதுகளின் நடுவில் வந்த எஸ்கே-1, தாளத்தில் மட்டுமல்ல, நாதத்திலேயே நம் கைக்கு இடம் வைத்து, இந்தக் கேள்விக்குப் பரிபூரணமான விடையளித்தது. வெளியில் கேட்கும் சப்தத்தைப் பிடித்துச் சுரமாக்கும் வித்தை அதற்குச் சில வருஷங்களுக்கு முன்புவரை, ஆஸ்திரேலியாவில் 1979-இல் செய்த ஃபேர்லைட் போன்ற, ஒரு வீட்டின் விலை பெறும் யந்திரங்களிடந்தான் இருந்தது. அதை கேசியோ ஒரு சிறு ஒலிவாங்கியோடு குழந்தையின் பெட்டிக்குள் வைத்தது. ஒன்றரை விநாடிக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், பிடித்ததும் சற்றுக் கரகரக்கும். அந்த வம்சத்தைச் சேர்ந்த ஒரு பெட்டி என் தங்கை வீட்டுக்கு வந்தபோது, அவள் மகன் முதலில் செய்த காரியம், அதைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான். "மாமா, குக்கர் சரிகம பாடுது, வாங்க!" என்று அவன் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. குக்கரின் விசில் கீழ் ஸ்தாயியில் கப்பலின் சங்கு போலவும், மேலே போகப் போகக் குருவியின் கீச்சுப் போலவும் கேட்டது. அன்று சாயங்காலத்துக்குள் வாசற்கதவு, பித்தளைச் செம்பு, தாத்தாவின் இருமல் எல்லாம் சுரமாகிவிட்டன.

வீட்டில் முப்பது வருஷம் வாய்ப்பாட்டுச் சொல்லிக் கொடுத்த பாட்டி மட்டும் கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா, இதிலே தோடி காந்தாரம் எங்கேடா இருக்கு?" என்றாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடும் ஒரு சுரத்தை, பன்னிரண்டு கட்டைகளில் எந்தக் கட்டையின் மேல் எழுதுவது? இதே குறையைச் சொல்லித்தான் ஹார்மோனியத்தை 1940-இல் வானொலியிலிருந்து விலக்கி வைத்தார்கள். பின்னால் வந்த கீபோர்டுகளில் இடது ஓரத்தில் சுரத்தை வளைக்கும் ஒரு சிறு சக்கரம் இருந்தது; அதை உருட்டி உருட்டி கமகத்தைக் கொண்டுவந்து, கே. சத்யநாராயணன் போன்ற வித்வான்கள் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்தார்கள். ஆகையால் பாட்டுக் கற்றுக்கொள்கிற குழந்தைக்கு வாங்குகிறவர்கள், அந்தச் சக்கரம் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம் என்று திட்டமாகவே சொல்லுவேன்.

மற்றவர்கள் கடைக்குப் போகும்போது குழந்தையையும் அழைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முதல் காரியமாக, பெட்டி தானே வாசிக்கும் பாட்டைப் போட்டுக் காட்டுவார். நூற்றுக்கணக்கான நாதங்கள் என்பார், நூற்றுக்கணக்கான தாளங்கள் என்பார். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒலிவாங்கி இருக்கிறதா, குழந்தை வாசித்ததைப் பதிந்து வைத்துக்கொள்ளுமா என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.