பெருங்குடல், நேர்குடல் சத்திரசிகிச்சைச் சிறப்புப் பயிற்சி

பொதுச் சத்திரசிகிச்சையில் முழுத் தகுதி பெற்ற வைத்தியர் ஒருவர், பெருங்குடல், நேர்குடல், குதம் ஆகியவற்றின் நோய்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேலும் ஓரிரு வருடங்கள் பெரிய நிலையமொன்றில் தங்கிப் பெறும் பயிற்சியே இது. உலக வழக்கில் இதற்குப் பெலோஷிப் என்று பெயர். பிரித்தானிய அரச சத்திரசிகிச்சைக் கல்லூரிகள் பரீட்சை வைத்துக் கொடுக்கும் எப்.ஆர்.சி.எஸ். பட்டம் வேறு, இந்தப் பயிற்சி வேறு. மூலம், பவுத்திரம், குத வெடிப்பு, மலத்தை அடக்க முடியாமை, பெருங்குடல் அழற்சி, குடல் புற்றுநோய் எல்லாம் இதனுள் அடங்கும். நோயாளிகளில் பெரும்பாலானோர் இந்தப் பட்டியலின் முதற் பகுதிக்காக வருகிறார்கள். பயிற்சியின் கடினம் முழுவதும் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

இத்துறை தனியாகப் பிரிந்தது லண்டனில். 1835 இல் பிரெடெரிக் சால்மன் என்ற சத்திரசிகிச்சையாளர், பவுத்திரமும் நேர்குடல் நோய்களும் கண்ட ஏழைகளுக்காக அல்டர்ஸ்கேட் வீதியில் ஏழு கட்டில்களுடன் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். 1854 இல் சிட்டி ரோட்டுக்கு இடம்மாறியபின் அது சென் மார்க்ஸ் வைத்தியசாலை ஆனது. நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கு 1841 இல் பவுத்திரம் வெட்டியவர் இதே சால்மன். மயக்க மருந்து பாவனைக்கு வர இன்னும் ஐந்து வருடங்கள் இருந்தன. மற்ற வைத்தியர்கள் அருவருத்து ஒதுக்கிய நோயாளிகளை ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்ததுதான் சென் மார்க்ஸின் பலம். ஒரே வகை நோயை ஆயிரக்கணக்கில் பார்த்தவர்களால்தான் அதற்கு ஒழுங்கு கண்டுபிடிக்க முடிந்தது. பவுத்திரத்தின் வெளி வாயைப் பார்த்து உள் வாய் எங்கே இருக்கும் என்று சொல்லும் குட்சால் விதி அங்கே பிறந்தது. நேர்குடல் புற்றுநோய் எவ்வளவு ஆழம் பரவியிருக்கிறது என்பதை வைத்து நோயாளியின் ஆயுளைக் கணிக்கும் வகைப்பாட்டை, அங்கு நோயியலாளராக இருந்த கத்பேர்ட் டியூக்ஸ் 1932 இல் வெளியிட்டார். உலகின் பல பாகங்களிலிருந்தும் வைத்தியர்கள் அங்கு போய்ச் சில மாதங்கள் நின்று பார்த்துப் பழகினர். ஒழுங்கான பாடத்திட்டமோ சான்றிதழோ இல்லாத இந்த நின்று பழகலே பெலோஷிப்பின் முதல் வடிவம்.

அப்படிப் போய் வந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் மத்யூஸ். 1899 இல் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் 13 பேர் சேர்ந்து அமெரிக்க நேர்குடல் மருத்துவர் சங்கத்தை அமைத்தபோது அவரே முதற் தலைவர். இத்துறைக்கான தேர்வுச் சபை 1935 இல் பதிவு செய்யப்பட்டு, 1949 இல் சுயாதீனமான சபையாக அங்கீகாரம் பெற்றது. அதன்பின் அமெரிக்காவில் வழி தெளிவானது: ஐந்து வருடப் பொதுச் சத்திரசிகிச்சைப் பயிற்சி, அதற்கு மேல் ஒரு வருடம் இத்துறை மட்டும், முடிவில் பரீட்சை. பிரித்தானியாவில் நெடுங்காலம் அப்படியொரு தனி வாசல் இல்லை. பொதுச் சத்திரசிகிச்சையின் உள்ளேயே ஒருவர் இதைத் தன் விசேட ஈடுபாடாக எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு பெலோஷிப் வருடம் செய்வதே வழக்கமாக வளர்ந்தது. இலங்கை பின்பற்றியது பிரித்தானிய வழக்கத்தை.

பயிற்சி ஏன் நீண்டது என்பதைச் சத்திரசிகிச்சை முறைகளின் வரலாறே சொல்லும். 1908 இல் ஏர்னஸ்ட் மைல்ஸ், நேர்குடல் புற்றுநோயை வயிற்று வழியாகவும் கீழ் வழியாகவும் சேர்த்து அகற்றும் முறையை எழுதினார். உயிர் தப்பியவர் மலம் வெளியேற வயிற்றில் வைத்த மலவாயிலுடன் மிச்சக் காலத்தைக் கழித்தார். 1948 இல் மாயோ கிளினிக்கின் க்ளோட் டிக்சன், மேற்பகுதிக் கட்டிகளில் குடலைத் திரும்ப இணைத்துக் குதத்தைக் காப்பாற்றலாம் என்று காட்டினார். 1978 இல் சென் மார்க்ஸின் அலன் பார்க்ஸும் ஜோன் நிக்கல்ஸும் சிறுகுடலை மடித்துப் பை செய்து குதத்துடன் இணைத்தனர். வட்ட ஸ்டேப்ளர் கருவி வந்தபின் கை எட்டாத ஆழத்திலும் இணைப்புப் போட முடிந்தது. 1982 இல் பேசிங்ஸ்டோக் என்ற சிறு நகர வைத்தியசாலையிலிருந்து பில் ஹீல்ட் எழுதிய கட்டுரைதான் பயிற்சியின் போக்கையே திருப்பியது. நேர்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல், அதன் வெளித் தளத்தைக் கண்ணால் பார்த்துக் கூரிய கருவியால் பிரித்து முழுதாக எடுத்தால் புற்றுநோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்றார் அவர். அதுவரை பலர் கையை உள்ளே விட்டு இழுத்துப் பிரித்துவந்தார்கள். ஹீல்டின் முறைக்குப் புது மருந்தோ பெரிய இயந்திரமோ வேண்டியதில்லை. சரியான தளத்தை அடையாளம் காணும் கண் வேண்டும், அதைப் பக்கத்தில் நின்று காட்டித்தர ஒருவர் வேண்டும்.

இந்தப் பயிற்சியால் உண்மையில் பயனுண்டா என்ற கேள்விக்கு நல்ல விடைகள் இரண்டு உண்டு. கனடாவின் எட்மன்டன் நகரில் 1983 முதல் 1990 வரை நேர்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பெற்ற 683 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 1998 இல் வெளியிட்டார்கள். சிகிச்சை செய்த 52 பேரில் ஐவர் மட்டுமே சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சி பெறாதவர்களிடமும், குறைந்த எண்ணிக்கையில் செய்தவர்களிடமும் சிகிச்சை பெற்றோருக்கே நோய் அதே இடத்தில் கூடுதலாகத் திரும்பியிருந்தது. நோர்வே இன்னும் ஒரு படி மேலே போனது. 1993 இல் நாடு முழுவதிலும் ஹீல்டின் முறையைச் சத்திரசிகிச்சையாளர்களுக்குக் கற்பித்து, ஒவ்வொரு நோயாளியையும் தேசியப் பதிவேட்டில் சேர்த்து, நேர்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியசாலைகளின் எண்ணிக்கையையும் குறைத்தது. நான்கில் ஒருவருக்கு மேல் இருந்த மீள்வருகை சில வருடங்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இறங்கியது. ஒருவர் பெறும் பட்டத்தைவிட, ஒரு நாடு தன் நோயாளிகளை எங்கே சேர்க்கிறது என்பதே பெரிது என்று நோர்வேயின் அனுபவத்தை வாசிப்பதில் தவறில்லை.

இலங்கையில் மேலைச் சத்திரசிகிச்சைக் கல்வி கொழும்பில் தொடங்கியது என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அதற்கு முன்பே மாணவர்களைப் பயிற்றி வந்தார்; 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அந்த வழி அவருக்குப் பின் நீளவில்லை. கொழும்பு மருத்துவக் கல்விக்கூடம் 1870 இல் திறந்தது. அங்கே படித்தவர் சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டுமானால் கப்பலேறி எப்.ஆர்.சி.எஸ். எடுத்துத் திரும்ப வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிபுணத்துவம் வெளிநாட்டுச் சரக்காகவே இருந்தது. இலங்கைச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி 1971 இலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980 இலும் அமைந்தபின்தான் உள்நாட்டிலேயே நிபுணர்களை உருவாக்கும் ஒழுங்கு வந்தது.

குடற் சத்திரசிகிச்சை தனித் துறையாக வேரூன்றியதில் ராகமை போதனா வைத்தியசாலைக்குப் பெரிய பங்குண்டு. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1991 இல் அங்கே தொடங்கியது. பிரித்தானியாவின் பேர்மிங்ஹாமில் மைக்கல் கீலியின் பிரிவில் பயின்ற கெமால் டீன் அங்கு பேராசிரியராக வந்து குடற் சத்திரசிகிச்சைப் பிரிவை வளர்த்தார். குதத்தசையின் சேதத்தை உள்வழி ஸ்கேன் மூலம் கண்டு, சத்திரசிகிச்சையில் கண்டதோடு ஒப்பிட்டு 1993 இல் கீலியின் குழு வெளியிட்ட ஆய்வின் முதல் ஆசிரியர் அவரே. அதே வருடம் லண்டனில் அப்துல் சுல்தானும் அவருடன் இருந்தோரும், முதற் பிரசவம் கண்ட பெண்களில் 35 சதவீதத்தினருக்கு வெளியே தெரியாத தசைச் சேதம் இருப்பதைக் காட்டினார்கள். மலத்தை அடக்க முடியாத குறையை வெட்கத்தில் எவரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் வீட்டோடு முடங்கும் தாய்மாருக்கு இந்த ஆய்வுகள் எவ்வளவு பெரியவை என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் பேராசிரியர் நந்ததேவ சமரசேகரவின் பல்கலைக்கழகப் பிரிவு இத்துறையில் பயிற்சி அளித்தது.

இன்றைய வழி நீண்டது. எம்.பி.பி.எஸ்., உள்ளகப் பயிற்சி, தெரிவுப் பரீட்சை, பதிவாளராகச் சில வருடங்கள், எம்.டி. பரீட்சை. அதன்பின் சிரேஷ்ட பதிவாளராக உள்நாட்டிலும், பிரித்தானியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் பயிற்சி. எல்லாம் முடிந்தபிறகே நிபுணர் சான்றிதழ். பெருங்குடல் துறை இதில் இரைப்பை, குடல் சத்திரசிகிச்சை என்ற பிரிவின் கீழ் வருகிறது. வெளிநாட்டு வருடத்தைப் பலர் பெலோஷிப் பதவியிலேயே கழிக்கிறார்கள். அங்கே ஒருவர் ஒரு வருடத்தில் செய்யும், பார்க்கும் சத்திரசிகிச்சைகளின் எண்ணிக்கைதான் அந்தப் பதவியின் மதிப்பு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப்பின் அப்படிப் போனவர்களில் பலர் திரும்பாதது நாடறிந்த கதை. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் என். ரங்கபாஷ்யம் குடற் சத்திரசிகிச்சைக்குத் தனித்துறை கண்டு எம்.சி.எச். படிப்பைத் தொடங்கியதால், அங்குள்ள மாணவருக்கு இந்தக் கடல் கடந்த வருடம் கட்டாயமாக இருக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பெருங்குடலுக்கென்றே தனிப் பிரிவும் உண்டு.

இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டக் கரையோரத்துக்கு இந்த வரலாறு கடைசியாகவே வந்து சேர்ந்தது. கரையோர ஊர்களின் சுகாதார நிர்வாகம் அம்பாறையிலிருந்து பிரிந்து கல்முனைப் பிராந்தியமாக இயங்குகிறது. கல்முனை நகரிலேயே இரண்டு ஆதார வைத்தியசாலைகள்: 2000 செப்டெம்பர் 16 அன்று ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் பெயரைத் தாங்கிய அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று, கல்முனை வடக்கு வைத்தியசாலை மற்றது. ஊரின் தமிழ், முஸ்லிம் சமூகப் பிரிவைப் போலவே நோயாளிகளும் பெரும்பாலும் பிரிந்து போகிறார்கள். சமூகங்களின் நியாயங்கள் எதுவாக இருந்தாலும், எண்ணிக்கையால் திறன் கூடும் ஒரு தொழிலுக்கு இந்தப் பிரிவு நட்டமே. இரண்டிலும் குடல் அடைப்பையும் துளைப்பையும் இரவு பகலாகத் திறப்பவர் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணர்தான். ஆழமான நேர்குடல் கட்டி என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புக்கோ, மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ துண்டு எழுதப்படும். புதிதாகச் சான்றிதழ் பெற்ற நிபுணர்கள் தூரத்து வைத்தியசாலைகளில் முதல் நியமனம் பெற்று, இடமாற்றப் பட்டியலில் முன்னேறியதும் பெரிய நகரங்களுக்குப் போவது நாட்டின் பொது வழக்கம். ஒருவர் வந்து ஒரு குழுவைப் பழக்கி முடிக்கும் நேரத்தில் அவருக்கு மாற்றம் வந்துவிடும்.

நோயாளி தாமதித்து வருவது இன்னொரு பிரச்சினை. மலத்தோடு இரத்தம் போனால் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் முதலில் வரும் சொல் மூலவியாதி என்பதுதான். நாட்டு வைத்தியரான பரிசாரியிடம் பத்தியமும் லேகியமுமாக மாதங்கள் போகும். பெண்களுக்குக் கூச்சம் வேறு. நேர்குடல் புற்றுநோயில் கணிசமானவை விரல் எட்டும் தூரத்திலேயே இருப்பதால், கையுறை போட்ட ஒரு விரலின் பரிசோதனை எந்தக் கிராமிய வைத்தியசாலையிலும் நோயைக் காட்டிக்கொடுக்கும். சிறப்புப் பயிற்சி பெறுபவருக்கு முதல் நாளிலேயே கற்பிக்கப்படுவதும் இதுதான்.

பெரிய நிலையங்களின் பயிற்சி இந்தக் கரையில் எப்படி மாற வேண்டும் என்பதற்கு வயிற்று மலவாயில் நல்ல உதாரணம். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் நோயாளியைப் படுக்க, இருக்க, நிற்க, குனியச் சொல்லி, தோல் மடிப்பு விழாத இடத்தில், நேர்வயிற்றுத் தசையின் மேல் பேனையால் புள்ளி வைக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. முஸ்லிம் நோயாளியிடம் தொழுகையில் குனியும் ருகூஉ, நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூது நிலைகளிலும் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். சாறனை முடிந்து பட்டி கட்டும் கோட்டில் புள்ளி விழக் கூடாது. வயல் வேலைக்காரருக்கு அந்தக் கோட்டில் மலம் சேரும் பை தங்காது, கசிந்தால் அவர் பள்ளிவாசலுக்குப் போவதையே விட்டுவிடுவார். ஓயாமல் கசிவு உள்ளவர் ஒவ்வொரு பர்ளு (கட்டாய) தொழுகைக்கும் அதன் நேரம் வந்தபின் வுளூ என்ற அங்கசுத்தி செய்து தொழலாம் என்பது இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலை. இதை மௌலவியின் வாயால் கேட்கும் நோயாளி சத்திரசிகிச்சைக்குச் சம்மதிப்பதும் எளிதாகிறது. சிறுகுடலில் வாயில் வைத்தவருக்கு நாளெல்லாம் நீரும் உப்பும் வெளியேறும் என்பதால், ரமழான் நோன்பைப் பற்றி வைத்தியர் முன்கூட்டியே பேசவேண்டும். கிழக்குக் கரையின் வெயிலில் ஒரு பகல் போதும், சிறுநீரகம் பாதிக்க. மலவாயில் பராமரிப்பில் பயின்ற தாதியர் இப்பணியில் பாதிச் சுமையைத் தாங்குகிறார்கள். பெண் நோயாளிகளுக்குப் பெண் தாதியே பையை மாற்றக் காட்டித்தருகிறார்.

நோயாளியைத் தூரத்துக்கு அனுப்பும் பளு இப்போது கிழக்கிலேயே ஓரளவு குறைகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் மருத்துவ மாணவர்களைப் பயிற்றுகிறது. அங்குள்ள போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நாற்பது கிலோமீற்றர் அளவில்தான். காலை பஸ்ஸில் போய்க் கிளினிக் முடித்து பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் வீடு திரும்பலாம்.