விண்டோஸ் இன்ஸ்டாலர் தரவுத்தளமும் டாட்நெட் நிரலும்

விண்டோஸ் இன்ஸ்டாலர் என்பது கணினியில் மென்பொருளை நிறுவவும் நீக்கவும் மைக்ரோசாப்ட் உருவாக்கிய சேவை ஆகும். இது 1999-இல் ஆபீஸ் 2000 தொகுப்புடன் அறிமுகமானது. இதன் எம்எஸ்ஐ கோப்பு வெறும் பொதி அன்று. கோப்புகள், பதிவேட்டுக் குறிப்புகள், நிறுவும் வரிசை ஆகியவற்றை அட்டவணைகளாகக் கொண்ட தரவுத்தளம்.

துபாஷி வேலை

இத்தரவுத்தளத்தைத் திறக்கும் செயற்கூறுகள் எம்எஸ்ஐ.டிஎல்எல் என்னும் நூலகத்தில் உள்ளன. அவை சி மொழியின் முறைப்படி அமைந்தவை. 2002-இல் டாட்நெட் வந்தது. அதில் எழுதும் நிரலின் நினைவகத்தை இயக்கச் சூழலே பராமரிப்பதால் அதனை 'மேனேஜ்டு கோடு' என்பர். அந்நிரல் பழைய நூலகத்தை அழைக்க 'பி-இன்வோக்' என்ற இடைமுறை உதவுகிறது.

செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை 1750-இல் பிடித்த காலத்தில், புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார். பி-இன்வோக் செய்வதும் துபாஷி வேலையே. மொழிபெயர்ப்பு பிசகினால் காரியம் கெடும்.

தமிழ் எழுத்தின் சிக்கல்

சி ஷார்ப் மொழியில் எழுத்து வகையைக் குறிப்பிடாமல் செயற்கூற்றை அறிவித்தால், 'ஆன்சி' முறை எடுத்துக்கொள்ளப்படும். தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி குறிப்பக்கம் இல்லை. விண்டோஸ் 2000 முதல் தமிழ் ஒருங்குறியாகவே இடம்பெற்றது. எனவே தமிழில் பெயரிட்ட கோப்பைத் திறக்க முயன்றால் பெயர் வினாக்குறிகளாக மாறிவிடும், கோப்பு திறக்காது. ஒருங்குறி வடிவத்தை வெளிப்படையாகக் கேட்பதே தீர்வு.

தரவுத்தளத்துக்கும் தனிக் குறிப்பக்கம் உண்டு. தமிழைச் சேமிக்க யூடிஎஃப்-8 முறையின் 65001 என்ற எண்ணைத் தர வேண்டும். அப்போதும் நிறுவல் திரையில் எழுத்து சரியாகத் தோன்றாமல் போகலாம்.

கைப்பிடி

திறந்த தரவுத்தளத்தைக் குறிக்க நூலகம் 'கைப்பிடி' என்ற எண் ஒன்றைத் தருகிறது. 64 பிட் கணினியிலும் இதன் அளவு 32 பிட்தான். இதைப் பெற்ற இழையே மூட வேண்டும் என்பது விதி. டாட்நெட்டின் குப்பை சேகரிப்பி வேறு இழையில் இயங்குவதால், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. நிரலாளரே மூட வேண்டும்.

பிற்கால வளர்ச்சி

2004 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் 'விக்ஸ்' கருவித்தொகுப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இதனை உருவாக்கியவர் ராப் மென்ஷிங். பின்னர் அதில் சேர்ந்த 'டிடிஎஃப்' நூலகம் இந்த அழைப்புகளையெல்லாம் டாட்நெட் வகுப்புகளாகத் தொகுத்துத் தருகிறது. இதனால் ஒவ்வொருவரும் அறிவிப்புகளைத் தாமே எழுதும் தேவை குறைந்தது. ஆயினும் அடியில் நிகழ்வது அதே மொழிபெயர்ப்புதான். தமிழில் மென்பொருள் படைக்க விரும்பும் மாணவர் அதை அறிந்திருந்தால், வினாக்குறிகள் தோன்றும்போது பிழையை எங்கே தேடுவது என்பது விளங்கும்.