அந்த மாளிகையைக் கட்டிய பணம்

'டவுன்டன் ஆபி' தொடரைப் பார்த்துவிட்டு ஒரு மாணவத் தோழி சொன்னார்: "அந்தப் பிரபு எவ்வளவு நல்லவர் அக்கா! சமையல்கார அம்மாவுக்குக் கண் ஆபரேஷனே செய்து வைக்கிறார்."

ஆண்டை நல்லவர் என்ற கதையை நாம் பிறந்ததிலிருந்து கேட்கிறோம். அதனால் ஒன்று மட்டும் கேட்டேன்: வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க மனைவி கொண்டுவந்த சீதனம் சொத்தைக் காப்பாற்றியதாகத் தொடர் சொல்கிறது. அதற்கு முன்பு?

டவுன்டன் கற்பனை. ஆனால் 2019-இல் வந்த அதன் திரைப்படத்தில் நடன விருந்து நடக்கும் இடம் நிஜ மாளிகை: யார்க்‌ஷயரிலுள்ள ஹேர்வுட். 1759-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் பார்படோஸ் தீவில் பிறந்த எட்வின் லாசெல்ஸ். அவர் அப்பா ஹென்றி அந்தத் தீவில் சுங்க வரி வசூலித்த அதிகாரி, சர்க்கரை வியாபாரி, அடிமை வணிகத்தில் முதல் போட்டவர். எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டிக்குக் கடன் கொடுத்தவர். கரும்புத் தோட்டக்காரர்கள் அடமானம் வைத்தது நிலத்தை மட்டுமல்ல, அதில் உழைத்த ஆப்பிரிக்க மனிதர்களையும் சேர்த்துத்தான். கடன் திரும்பாதபோது இரண்டும் லாசெல்ஸ் குடும்பத்துக்கு வந்தன. 1787 வாக்கில் கரீபியன் தீவுகளில் அவர்களுக்குச் சுமார் 27,000 ஏக்கர் இருந்தது.

தொடரில் மாடிப்படிக்கு மேலே எஜமானர்கள், கீழே வேலைக்காரர்கள். கீழே இருப்பவர்களுக்கும் வெள்ளை ஏப்ரன், சம்பளம், காதல் எல்லாம் உண்டு. கரும்புக்காடு மட்டும் கேமராவுக்குள் வருவதேயில்லை. நம் ஊர்களில் சேரி கண்ணுக்கெட்டும் தூரத்திலாவது இருக்கும். அந்தப் பிரபுக்களுக்கோ நடுவில் ஒரு கடலே இருந்தது.

இனி இழப்பீட்டுக்கு வருவோம். 1833-இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றிய பிரிட்டன் நாடாளுமன்றம் 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை 'இழந்த' உடைமையாளர்களுக்கு! ஹேர்வுட் பிரபு 1,277 பேருக்காக 26,309 பவுண்டு பெற்றார். அந்த 1,277 பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் பெரும்பாலோர் 1838 வரை அதே எஜமானரிடம் கூலியில்லாமல் உழைத்தார்கள். இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடனின் மிச்சம் 2015-இல்தான் தீர்ந்தது. பிரிட்டனில் குடியேறிய அடிமைகளின் வாரிசுகள் கட்டிய வரியும் அந்தக் கடனுக்குப் போயிருக்கிறது தோழர்களே.

2020-இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, தன் பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமைமுறையோடும் தொடர்புண்டு என்று அறிக்கை வெளியிட்டபோது, பழம்பெருமையைக் கெடுப்பதாகப் பெரும் கூச்சல் எழுந்தது. சிப்பென்டேல் செய்த நாற்காலிகளைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள்.

டேவிட் ஹேர்வுட் என்ற கறுப்பின நடிகரை 'ஹோம்லேண்ட்' பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்படோஸில் லாசெல்ஸ் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள் அவருடைய முன்னோர்கள்; உடைமையாளரின் பட்டப்பெயரே அவர் குடும்பப் பெயரானது. 2023-இல் அவருடைய உருவப்படத்தை அந்த மாளிகையிலேயே மாட்டினார்கள். அதன் சுவர்களில் லாசெல்ஸ் குடும்பத்தாரின் படங்கள் தொங்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.