நிரல் நீளமும் தமிழ்க் குறிமுறையும்

நிரல் நீளம் என்பது, தரவுத்தள அட்டவணையின் ஒரு நிரலில் எவ்வளவு அடங்கும் என்று முறைமைப் பார்வைகள் காட்டும் மீதரவு. அந்த எண் எழுத்தைக் குறிக்கிறதா, பைற்றைக் குறிக்கிறதா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். ஆங்கிலப் பதிவுகளில் இரண்டும் ஒன்றே, தமிழில் அப்படியல்ல.

இதற்கு இலங்கை மலையக ஊர்ப்பெயர்களே எடுத்துக்காட்டு. அங்குள்ள தோட்டங்களின் நிர்வாக மொழி நெடுங்காலம் ஆங்கிலமாக இருந்தது. ஆங்கிலத்தில் ஹட்டனுக்கு 6 பைற்று, இடைவெளியோடு நுவரெலியாவுக்கு 12 பைற்று போதும். ஊர்ப்பெயருக்கு 20 பைற்று ஒதுக்கினால் தாராளம்.

1987இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கணினித் தமிழ்த் தட்டச்சு பாமினி போன்ற எழுத்துருக்களைச் சார்ந்து வளர்ந்தது. இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. ஓர் இடத்துக்கு ஒரு பைற்று. ஆகவே நிரலில் இருப்பது தமிழ் என்பதற்கு மீதரவில் எந்தத் தடயமும் இராது. எழுத்துரு இல்லாத கணினியில் அதே பதிவு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்கு 128 குறியிடங்கள் கொண்ட தனித் தொகுதியை ஒதுக்கியது. 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் ஒருங்குறியைப் பைற்றுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையை வகுத்தனர். இதில் ஒவ்வொரு தமிழ்க் குறியிடமும் 3 பைற்று கொள்ளும். யூடிஎஃப்-16 முறையில் 2 பைற்று. சிங்களத்துக்கும் இதே கணக்குத்தான். தமிழ்க் குறிமுறைக்கான இலங்கைத் தரநிலை எஸ்எல்எஸ் 1326, 2008இல் வந்தது.

‘ஹட்டன்’ கண்ணுக்கு 4 எழுத்து. புள்ளிகள் தனிக் குறியிடங்களாதலால் ஒருங்குறியில் 6. யூடிஎஃப்-8இல் 18 பைற்று. ‘நுவரெலியா’ 5 எழுத்து, உயிர்க்குறிகளும் தனி என்பதால் 9 குறியிடம், 27 பைற்று. பழைய 20 பைற்று நிரலில் ஹட்டன் அடங்கும், நுவரெலியா அடங்காது.

இதே 20ஐத் தரவுத்தள மென்பொருள்கள் வெவ்வேறாகக் காட்டுகின்றன. ஓராக்கிளில் நீளத்தைப் பைற்றிலோ எழுத்திலோ (அதாவது குறியிடத்திலோ) அறிவிக்கலாம். யூடிஎஃப்-8 தரவுத்தளத்தில் 20 எழுத்து என அறிவித்தால், எழுத்துக்கு உச்சமாக 4 பைற்று வீதம் பார்வையில் தரவு நீளம் 80 என்று வரும். மைஎஸ்கியூஎல், யூடிஎஃப்8எம்பி4 என்ற யூடிஎஃப்-8 குறிமுறை கொண்ட நிரலுக்கு எழுத்து 20, பைற்று 80 என இரண்டையும் தனித்தனியே தருகிறது. எஸ்கியூஎல் சர்வரில் யூடிஎஃப்-16இல் சேமிக்கும் என்வார்ச்சார் 20 என்ற நிரலின் உச்ச நீளம் 40 பைற்று. அதன் 2019 பதிப்பில் அறிமுகமான யூடிஎஃப்-8 வரிசைமுறையில் வார்ச்சார் 20 என்பது 20 பைற்று மட்டுமே. அங்கே நுவரெலியா மீண்டும் வெளியே நிற்கும்.

எனவே எழுத்துருப் பதிவுகளை யூடிஎஃப்-8 ஒருங்குறிக்கு மாற்றும்போது, பைற்றில் அளந்த நிரல்களின் நீளத்தை மும்மடங்காவது உயர்த்த வேண்டியிருக்கிறது.